கடவுளை ஒதுக்கி வைத்துவிட்டு அறத்தைப் பற்றி யோசிப்பது எப்படி

“சாமியே இல்லைன்னு சொல்லுதீங்க. அப்போ எது சரி, எது தப்புன்னு யாரு அண்ணாச்சி சொல்லுவா?” என்று பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை வாசலில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். “மனசாட்சி சொல்லும் தம்பி” என்றேன். “யாரோட மனசாட்சி?” என்று அவர் உடனே திருப்பிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பல ஆண்டுகளாகக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்ந்துவரும் நான் அதற்கு முன்பே அதை முறையாக யோசித்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்த மாணவரோடும், நாள் தவறாமல் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிற என் நண்பர் ஒருவரோடும் பல ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து பேசியதில் ஒரு வழிமுறை உருவாயிற்று. அதையே இங்கே எழுதுகிறேன். இதைத் தனியாகச் செய்வதைவிட, கடவுளை நம்புகிற ஒருவரும் நம்பாத ஒருவரும் சேர்ந்து செய்வது நல்லது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் வாதத்தின் ஓட்டையை நமக்கு முன்பே பார்த்துவிடுவார்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

“கடவுள் இல்லையென்றால் அறம் உண்டா?” என்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கடவுளை நம்பாதவர் நல்லவராக வாழ முடியுமா என்பது ஒன்று. நல்லது எது என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்பது இரண்டாவது. நல்லதை நல்லதாக்குவது எது என்பது மூன்றாவது. அறம் புறவயமானதா (எவர் நினைப்பையும் சாராததா), அகவயமானதா (அவரவர் மனத்தைச் சார்ந்ததா) என்ற விவாதம் மூன்றாவது கேள்வியைப் பற்றியது மட்டுமே. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் முதல் கேள்வியில் தொடங்கி, ஒருவர் மனம் புண்பட்டு, அங்கேயே முடிந்துவிடுகிறது.

முதல் கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். பக்கத்து ஊர் மக்கள், தங்கள் பகுதியே நீரில் தத்தளித்த வேளையில், இருந்த அரிசியைப் பொங்கி அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என்றாலும், பசித்து நிற்பவருக்குச் சோறு போடுவது சரிதானா என்று முடிவு செய்வதற்காக எவரும் முதலில் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்த்துக்கொண்டு வரவில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே அடுப்பில் விறகு தள்ள முடியும் என்பதை இது காட்டுகிறது. அதற்கு மேல் இது எதையும் நிரூபிப்பதில்லை. அந்தச் செயலை நல்லதாக்கியது எது என்ற மூன்றாவது கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கடவுள் மறுப்பாளர்கள் பலர் இப்படி ஓர் உதாரணத்தைச் சொல்லிவிட்டு வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணிக்கொள்வது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

சொற்களைத் தெளிவாக்குங்கள்

புறவயமானது என்று சொல்லும்போது மூன்று வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. எல்லோருக்கும் பொருந்துவது என்பது ஒரு பொருள். விதிவிலக்கே இல்லாதது என்பது இன்னொன்று. யார் என்ன நினைத்தாலும் மாறாதது என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஒரே காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஓர் அளவும் பெரியவருக்கு வேறோர் அளவும் மருந்து தருகிறார் மருத்துவர். ஆளுக்கேற்ப அளவு மாறுகிறது என்பதால் சரியான அளவு என்பது மருத்துவரின் விருப்பம் என்று எவரும் சொல்வதில்லை. அதுபோலவே, பொய் சொல்வது சில நேரங்களில் சரியாகலாம் என்று ஒப்புக்கொள்வதால் அறம் அவரவர் மனப்போக்கு என்று ஆகிவிடாது.

அளவைகளைக் கொண்டு யோசிப்பதும் உதவும். மெட்ரிக் முறை வருவதற்கு முன் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஓர் ஊரில் எட்டு மரக்கால் என்று அளந்த நெல், பக்கத்து ஊரில் வேறு கணக்கைக் காட்டும். அளக்கும் கருவி மனிதர்கள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனால் களத்தில் கிடக்கும் நெல் எவருடைய ஏற்பாடும் இல்லை. அறத்திலும் இந்த இரண்டு வகைகளும் உண்டு. சாலையில் இடப்பக்கமாகப் போவது மரக்காலைப் போன்றது. ஒரு குழந்தையை வேடிக்கைக்காகத் துன்புறுத்துவது தவறு என்பது மரக்காலா, நெல்லா? இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இயல்பாக வரும் பதிலையும் எழுதுங்கள். அது ஏன் அப்படி என்பதைப் பிறகு பார்க்கலாம்.

தமிழில் இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. சிறுவயதில் வேலியோரத்தில் ஓணானைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து ஆச்சி, “ஏல, எறியாதிய. பாவம்ல அது” என்பாள். அடிபட்ட ஓணான் தலையை ஒருபுறம் சாய்த்து, தொண்டை விம்ம, எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆச்சி சொன்ன ‘பாவம்’ எது? நமக்குக் கணக்கில் ஏறுகிற பாவமா, ஓணானின் பரிதாப நிலையா? நம் மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. முதல் பொருளுக்குக் கணக்கு எழுதுகிற ஒருவர் வேண்டும். இரண்டாம் பொருளுக்கு, வலிக்கிற ஓர் உயிர் முன்னால் கிடந்தாலே போதும். அந்த வலி என் விருப்பத்தாலோ ஆச்சியின் விருப்பத்தாலோ உண்டானதன்று. நான் அதைப் பார்க்கத் தவறினாலும் அது அங்கே இருந்தது. அறம் புறவயமானது என்று நான் சொல்வதன் தொடக்கப் புள்ளி அந்த வேலியோரம்தான்.

கடவுளைக் கொண்டுவந்து சோதித்துப் பாருங்கள்

இது நம்பாதவர்கள் வழக்கமாகத் தவிர்த்துவிடும் படி. தவிர்க்கக் கூடாது. கடவுள் இருக்கிறார் என்றே சிறிது நேரம் வைத்துக்கொண்டு, அதனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், யூதிஃப்ரோ என்பவரிடம் இதைத்தான் கேட்கிறார். புனிதமானதை, அது புனிதம் என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா, அல்லது தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? முதலாவது சரியென்றால், நன்மைக்கான அளவுகோல் கடவுளுக்கு வெளியே இருக்கிறது. அது நம்பாதவருக்கும் எட்டக்கூடியதே. இரண்டாவது சரியென்றால், கடவுள் கொடுமையைக் கட்டளையிட்டால் கொடுமையே நன்மையாகிவிடும். அப்போது அறம் ஒரு மிகப் பெரிய மனத்தின் விருப்பம் ஆகிறது. கூர்ந்து பார்த்தால் அதுவும் அகவயம்தான்.

என் நண்பர் இதற்குச் சொன்ன பதில் நல்ல பதில். “கடவுள் நன்மையை வெளியிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, தான்தோன்றித்தனமாக உண்டாக்குவதும் இல்லை. அவருடைய இயல்பே நன்மை” என்றார். இறையியலாளர்கள் பலர் காலங்காலமாகச் சொல்லிவரும் பதிலும் இதுவே. நான் கேட்டது ஒன்றுதான்: அந்த இயல்பில் உள்ள அன்பையும் நீதியையும் பார்த்து, அது நல்ல இயல்பு என்று நாம் எப்படி அடையாளம் கண்டோம்? அன்பும் நீதியும் நல்லவை என்று முன்பே தெரிந்திருந்ததால்தானே? அவர் இதை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இங்கே கடினமான இடம் ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார்.

கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கிய வள்ளுவரே இரவச்சத்தில் எழுதியதையும் அவரிடம் காட்டினேன்:

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்.

பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறார். படைத்தவனையே நிறுத்தி வைத்து அளக்கும் ஒரு கோல் கையில் இல்லாதவரால் இந்த வரியை எழுதியிருக்க முடியாது. “மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று” என்று ஈகை அதிகாரத்தில் அவர் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் மண்ணைச் சேர்ந்த சான்று இன்னொன்றும் உண்டு. பொதியில் மலையை ஆண்ட ஆய் அண்டிரனைப் பாடிய சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், “இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்” (இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பில் பயன் தரும்) என்று எண்ணி அறத்தை விலைபேசும் “அறவிலை வணிகன்” ஆய் அல்லன் என்கிறார். சான்றோர் சென்ற நெறி இது என்பதால் கொடுத்தான், அவ்வளவே. கடவுள் இல்லாத சமயம் ஒன்றை இங்கே எதிர்வாதமாகக் கொண்டுவரலாம். கழுகுமலையில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்கள் உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவர்கள். ஆனால் கொல்லாமையை அவர்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் அரிது. என்றாலும் அவர்களுக்கு வினைப்பயன் என்ற கணக்கு இருந்தது. முடமோசியாரின் பாட்டு அந்தக் கணக்கையும் தள்ளி வைக்கிறது. கடவுளை நீக்கிவிட்டுப் பேசுகிறவர்கள் பலர், அந்த இடத்தில் கர்மாவையோ இயற்கையின் நீதியையோ சத்தமில்லாமல் உட்கார வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமையும் சந்தித்துவிட வேண்டும். ‘இருக்கிறது’ என்ற வாக்கியங்களிலிருந்து ‘வேண்டும்’ என்ற வாக்கியத்துக்கு மனிதர்கள் காரணம் சொல்லாமலே தாவிவிடுகிறார்கள் என்று 1739, 1740 ஆண்டுகளில் வெளியான நூலில் அவர் சுட்டிக்காட்டினார். நம்பாதவருக்கு எதிராக இது அடிக்கடி எடுக்கப்படுகிறது: அணுக்களும் விண்மீன்களும் மட்டுமே உள்ள உலகத்திலிருந்து ‘வேண்டும்’ எப்படி வரும்? நியாயமான கேள்விதான். ஆனால் “கடவுள் கட்டளையிட்டார்” என்பதும் ஓர் ‘இருக்கிறது’ வாக்கியமே. அவர் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வருவதில்லை. அந்தப் பள்ளத்தை இரு தரப்பாரும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கருத்து வேறுபாட்டைக் கண்டு மலைக்காதீர்கள்

“ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் அறம் மாறுகிறதே” என்பது அகவயவாதிகளின் மிகப் பழைய சான்று. இதற்குப் பதில் சொல்லப் பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு பழைய சண்டையை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பாருங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடைத்தது. 1920-களில் சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில், பிராமணப் பெற்றோர் சிலரின் விருப்பத்தை முன்னிட்டு அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரசையே அந்தச் சண்டை உலுக்கியது. 1925-இல் ஐயர் பாபநாசத்து அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார்.

இதைப் பிரித்துப் பார்க்கும்போது மூன்று அடுக்குகள் தெரிகின்றன. முதலாவது, உண்மை பற்றிய வேறுபாடு: ஒருவர் பார்வையோ தொடுகையோ இன்னொருவரின் சோற்றைத் தீட்டாக்கும் என்று ஒரு தரப்பு நம்பியது. அது அறக்கூற்று அன்று. உலகத்தைப் பற்றிய கூற்று, தவறான கூற்று. இரண்டாவது, முன்னுரிமை பற்றிய வேறுபாடு: பெற்றோரின் விருப்பத்தை மதிப்பதா, பிள்ளைகளைச் சமமாக நடத்துவதா? இரண்டும் மதிப்புடையவை என்பதில் ஐயருக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் வேறுபாடு இருந்திருக்காது. மூன்றாவது, தனிப்பந்திக்கு வெளியே உட்கார்த்தி வைக்கப்பட்ட பிள்ளையின் மனத்தில் என்ன நடந்தது என்பதை எவர் எந்த அளவுக்குக் கண்டார் என்பது. அது ஓணானின் வலியைப் போல அங்கேயே இருந்த ஒன்று. பார்த்தவர்கள் சிலர், பாராதவர்கள் பலர்.

இப்போது அகவயவாதியிடம் ஒன்று கேளுங்கள். அறம் என்பது அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதுதான் என்றால், அன்றைய பெரும்பான்மை வழக்கத்தை எதிர்த்தவர்கள்தானே தவறு செய்தவர்கள் ஆகிறார்கள்? இன்று நாம் சமபந்தியை ஏற்றுக்கொண்டது, புளிக்குழம்பு பிடித்தவர் சாம்பாருக்கு மாறியதைப் போன்ற ஒரு ருசி மாற்றம்தானா? அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கற்றுக்கொள்ள முடியும் என்றால், முன்பு தவறாக இருந்திருக்க முடியும். தவறாக இருக்க முடியும் என்றால், நம் கருத்துக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது. நான் புறவயத்தின் பக்கம் சாய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

நான் மட்டும் இப்படிச் சாய்கிறேன் என்றும் எண்ண வேண்டாம். 2020-இல் மெய்யியலாளர்களிடையே அவர்களுடைய கருத்துகளைக் கேட்டு நடந்த ஃபில்பேப்பர்ஸ் (PhilPapers) கணக்கெடுப்பில் சுமார் 67 விழுக்காட்டினர் கடவுள் மறுப்பின் பக்கமும், சுமார் 62 விழுக்காட்டினர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கமும் இருந்தார்கள். தலை எண்ணி உண்மையைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் “கடவுள் இல்லையென்றால் அறம் அவரவர் விருப்பம்தான்” என்பது இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தானாக விளங்கும் உண்மையாகத் தோன்றவில்லை என்பது தெரிகிறது.

மிக வலுவான எதிர்ப்பை ஒரு கடையில் வைத்துப் பாருங்கள்

ஒரு கருப்பட்டிக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உடன்குடிச் சரக்கு என்று சொல்லித்தான் விற்பனை. பதநீர் காய்ச்சும்போதே வெள்ளைச் சீனியைக் கலந்து சிரட்டையில் ஊற்றிய மட்டச் சரக்கு ஒரு சிப்பமும், கலப்படமில்லாத சரக்கு ஒரு சிப்பமும் கடையில் இருக்கின்றன. உடைத்துப் பார்த்தாலும் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மருமகளின் பிரசவ மருந்துக்கென்று ஓர் அம்மா நல்ல கருப்பட்டி கேட்கிறார். கடைக்காரர் மட்டச் சரக்கை நிறுத்துப் போட்டு, நல்ல சரக்கின் விலையை வாங்குகிறார். அந்த அம்மாவுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. மேலே இருந்து எவரும் பார்க்கவும் இல்லை. இதில் தவறு எங்கே இருக்கிறது?

1785-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் தந்த விடை இந்தக் கடைக்கு நன்றாகப் பொருந்துகிறது. எல்லா வியாபாரிகளும் இப்படித்தான் நடப்பார்கள் என்றால் “உடன்குடிச் சரக்கு” என்ற சொல்லை எவரும் நம்பமாட்டார்கள், அந்த ஏமாற்று வேலையே நடக்காது. மற்றவர்கள் உண்மையாக இருக்கிறார்கள் என்பதைத் தின்றுதான் இந்தப் பொய் உயிர்வாழ்கிறது. தமக்கு அரிசி நிறுக்கும் வியாபாரியிடம் தாம் எதிர்பார்ப்பதை, அந்த அம்மாவுக்கு மறுக்கிறார் கடைக்காரர். தம்மை மட்டும் விலக்கி வைத்துக்கொள்ள அவரிடம் “நான் நான்தான்” என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் குறை அவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

இங்கே ஜே. எல். மேக்கி என்ற மெய்யியலாளர் குறுக்கே வருவார். புறவயமான அற மதிப்புகள் என்று எவையும் இல்லை என்று 1977-இல் வெளியான நூலில் வாதிட்டவர் அவர். அவருடைய வாதத்தின் சாரம் இது: விருப்பம் எதுவாக இருந்தாலும் ஒருவரைச் செய்யத் தூண்டும் வல்லமையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஒரு பொருள் உலகில் இருக்குமானால், அது நாம் அறிந்த வேறெந்தப் பொருளையும் போல இராத விசித்திரப் பொருளாக இருக்க வேண்டும். அதை அறிவதற்கு நமக்குத் தனிப் புலன் ஒன்றும் வேண்டும். கடைக்காரர் “எனக்கு அந்த அம்மாவைப் பற்றிக் கவலையில்லை” என்று சொல்லிவிட்டால், அவரைப் பிடித்து நிறுத்த எது இருக்கிறது?

இந்த வாதத்தை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இதோடு நெடுநாள் மல்லுக்கட்டினேன். எனக்குப் பிடிபட்ட வழி, அறத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு ‘வேண்டும்’மைப் பார்ப்பது. ஒரு கிணற்று நீரைச் சோதித்ததில் சாக்கடை கலந்திருப்பது தெரியவந்தது என்று வையுங்கள். “ஆதாரம் இருந்தால் எனக்கென்ன, நான் நல்ல தண்ணீர் என்றுதான் நம்புவேன்” என்கிறார் ஒருவர். ஆதாரத்தை அவர் மதிக்கவில்லை என்பதால் அவர் நம்பியது சரியாகிவிடுமா? ஆதாரத்துக்கேற்ப நம்ப வேண்டும் என்பதும் ஒரு ‘வேண்டும்’தான். அதையும் நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. ஒருவர் கவலைப்படாவிட்டாலும் அது அவர்மேல் செல்லுபடியாகிறது. விசித்திரம் என்று அறத்தைத் தள்ளினால், இதையும் தள்ள வேண்டியிருக்கும். அப்போது மேக்கியின் வாதத்தை ஏற்க வேண்டும் என்பதற்கும் காரணம் இல்லாமல் போகும். கடைக்காரரைப் பிடித்து நிறுத்தும் வேலை சட்டத்துக்கும் ஊருக்கும் உரியது. அவர் தவறு செய்தார் என்பது அவர் நின்றாலும் நிற்காவிட்டாலும் உண்மை.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. என் நண்பர் இன்னமும், நீங்கள் சொல்கிற காரணங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, அவற்றைத் தாங்க ஒருவர் வேண்டும் என்கிறார். நாங்கள் ஒரு நடைமுறையை வைத்துக்கொண்டோம். தாளின் மேற்பகுதியில் இருவரும் ஒத்துக்கொண்ட தீர்ப்பை எழுதுகிறோம்: கடைக்காரர் செய்தது தவறு. கோடு போட்டு, கீழே அவரவர் அடிப்படையை எழுதுகிறோம். மேற்பகுதியில் இதுவரை ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. கீழ்ப்பகுதி முழுக்க அடித்தலும் திருத்தலும்தான். நீங்களும் இப்படி எழுதி வையுங்கள். எதில் சண்டை, எதில் சண்டையில்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

என் பக்கத்துக்கே பெரிய இடைஞ்சலை உண்டாக்கியவர் அந்த மாணவர்தான். ஓணானுக்கு வலி இருக்கிறது, பந்திக்கு வெளியே உட்கார்ந்த பிள்ளைக்கு மனம் இருக்கிறது, கருப்பட்டி வாங்கிய அம்மா எதிரில் நிற்கிறார். சரி, தாமிரபரணியில் கலக்கும் சாக்கடையால் இன்னும் நூறு ஆண்டுகள் கழித்துக் குறுக்குத்துறையில் இறங்கப்போகிறவருக்குத் தீங்கு வந்தால்? அவர் இன்னும் பிறக்கவே இல்லை. வலியும் இல்லை, மனமும் இல்லை, கேள்வி கேட்க வாயும் இல்லை. நாம் வேறு விதமாக நடந்துகொண்டால் அவர் பிறக்காமல் வேறொருவரே பிறக்கக்கூடும். “அப்போ தப்பு யாருக்கு அண்ணாச்சி நடக்கு?” என்று கேட்டார். அது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. தாளின் மேற்பகுதியில் அதை எழுதிவிட்டோம். கோட்டுக்குக் கீழே மூவர் பக்கமும் வெற்றாகவே இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடுதான் உட்காருகிறோம்.